வாசகர் கேள்வி: கை எட்டாத இடத்தில் ஒரு சென்சார்

கேள்வி: எங்களுடையது ஒன்பது வருடப் பழைய பெட்ரோல் கார். மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போகும்போது வடுவூர் தாண்டியதும் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆஃப் ஆகிவிடுகிறது. அரை மணி நேரம் நிழலில் நிறுத்தினால் பழையபடி ஸ்டார்ட் ஆகிறது. ஸ்கேனரில் பி0335 என்ற பிழை எண் வந்தது, கிராங்க் சென்சார் (இன்ஜின் தண்டு சுற்றுவதை உணரும் சென்சார்) என்றார்கள். அது ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பின்னால், இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் இருக்கிறது. மேலிருந்து கையே போகவில்லை. நானே மாற்றலாமா?
- ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: மாற்றலாம். வேலை என்று பார்த்தால் ஒரு போல்ட், ஒரு கப்ளர் (ஒயரை மாட்டும் பிளக்), அவ்வளவுதான். அந்த போல்ட் இருக்கிற இடம்தான் தொல்லை. அதனால்தான் சொல்கிறேன், வண்டிக்கு அடியில் போய்ப் படுப்பதற்கு முன் மேலிருந்து பார்க்க முடிந்ததையெல்லாம் பார்த்துவிடுங்கள். பி0335 என்றால் கிராங்க் சென்சாரின் சிக்னல் வருகிற வழியில் எங்கோ பழுது என்றுதான் அர்த்தம். சென்சார், கப்ளர், வண்டியின் கம்ப்யூட்டர் வரை போகும் ஒயர், இதில் எது கெட்டாலும் அந்தப் பிழை எண் வரலாம்.

நம் பக்கத்தில் ஒயரைக் கண்டிப்பாகச் சந்தேகப்பட வேண்டும். தை, மாசியில் சம்பா அறுப்பு முடிந்ததும் வயல் எலிகள் வீட்டுப் பக்கம் வந்துவிடும், வைக்கோல் போர் ஓரமாக நிறுத்திய வண்டி என்றால் நேராக பானெட்டுக்குள்தான். எங்கள் வீட்டு வண்டி இப்படி நின்றபோது நான் முதலில் சென்சாரைத்தான் மாற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது, மறுநாளும் வண்டி நின்றது. கடைசியில் பார்த்தால் கப்ளரிலிருந்து ஒரு சாண் தள்ளி எலி ஒயரைக் கடித்து வைத்திருந்தது. ஆகவே டார்ச்சும் போன் கேமராவும் வைத்துக்கொண்டு ஒயரை முழு நீளத்துக்கும் பாருங்கள், கப்ளரைக் கழற்றி உள்ளே பச்சை பூத்திருக்கிறதா, எண்ணெய் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒயர் நன்றாக இருந்தால் சென்சார் மேல் சந்தேகம் வலுக்கும், ஏனென்றால் சூட்டில் நின்று ஆறியதும் ஓடுவது அதன் வழக்கமான குணம். இரண்டு ஒயர் வகையில் உள்ளே மெல்லிய கம்பிச் சுருள் இருக்கிறது. விரிசல் விட்ட கம்பி சூட்டில் விலகும், ஆறினால் மறுபடி சேரும். அதனால் ஆறிய பிறகு மல்டிமீட்டர் வைத்தால் நல்ல சென்சார் மாதிரியே காட்டும். வண்டி நின்ற அந்த நிமிடமே ஓம் அளந்து பாருங்கள், துண்டிப்பு காட்டினால் சென்சார்தான் என்று முடிவு செய்யலாம். மூன்று ஒயர் வகையை இப்படி ஓம் வைத்து அளக்கக் கூடாது. இன்னொன்று, நின்ற வண்டியை செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள் துளியும் அசையாவிட்டால் பல வண்டிகளில் சிக்னல் வரவில்லை என்று பொருள். முள் அசைகிறது, ஆனால் சாவி போட்டதும் பின்சீட் பக்கம் இரண்டு நொடி கேட்கிற பெட்ரோல் பம்ப் சத்தம் இல்லை என்றால், பழுது வேறு இடத்தில்.

அப்புறம் மாற்றுகிற வேலை. இன்ஜின் நன்றாக ஆறட்டும், சைலன்சர் குழாய் பக்கத்திலேயே இருக்கும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் போகாதீர்கள், வண்டியைத் தாங்க ஸ்டாண்ட் கொடுங்கள், இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். நம் களிமண் காய்ந்திருக்கும்போது கல் மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் இருந்தால் ஸ்டாண்டின் கால் மெல்ல இறங்கும். சிமென்ட் தரையில் வையுங்கள், முடியாவிட்டால் ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த அகலப் பலகை கொடுங்கள். செங்கல் அடுக்குவது வேண்டவே வேண்டாம், நொறுங்கிவிடும். நிற்கிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போட்டுவிடுங்கள்.

பெரும்பாலும் பத்தாம் நம்பர் போல்ட்தான். நீள எக்ஸ்டென்ஷனும் வளைகிற ஜாயின்ட்டும் இருந்தால் ஸ்டார்ட்டரைக் கழற்றாமலே எட்டலாம். எட்டவில்லையா, மல்லுக்கட்டாமல் ஸ்டார்ட்டரைக் கழற்றிவிடுங்கள், அதுதான் நேரம் மிச்சம். போல்ட் வந்த பிறகும் சென்சார் அசையாது, அதைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் (ஓ-ரிங்) காய்ந்து ஒட்டியிருக்கும். ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பினால் பிளாஸ்டிக் உடைந்து பாதி உள்ளேயே நின்றுவிடும். சுற்றிலும் கொஞ்சம் டபிள்யூடி-40 அடித்துக் காத்திருந்து, இடமும் வலமுமாகத் திருகித் திருகி இழுங்கள். அடியில் தகடு வாஷர் இருந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள், சென்சாருக்கும் அது உணரும் பல்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி அதை வைத்துத்தான்.

புதியதன் ஓ-ரிங்கில் ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் தடவிக் கையாலேயே அழுத்துங்கள். சாக்கெட்டுக்குள் கொஞ்சம் கிரீஸ் வைத்தால் போல்ட் கீழே விழாது. அலுமினியத்தில் ஏறுகிற மரை என்பதால் முதல் நாலு சுற்று விரலால்தான் ஏற வேண்டும், கடைசியில் அளவாக இறுக்கினால் போதும். ஒயரைப் பழைய கிளிப்பிலேயே மாட்டுங்கள், சைலன்சரில் பட்டால் உருகிவிடும். சில வண்டிகளில் மாற்றிய பிறகு ஸ்கேனர் வைத்துப் புது சென்சாரைப் பழக்க வேண்டியிருக்கும், அதற்கு மட்டும் மெக்கானிக்கிடம் போய் வாருங்கள்.

அதுவரை இந்த வண்டியில் தஞ்சாவூர் ரோட்டில் போக வேண்டாம். ஓட்டத்தில் இன்ஜின் நின்றால் ஸ்டியரிங் கனத்துவிடும், இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும்.

கேள்வி: ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) விளக்கு அணையவில்லை. சக்கர சென்சாரைக் கழற்றப் பார்த்தேன், துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது. தட்டி எடுக்கலாமா?
- ஒரு வாசகி, வேதாரண்யம்

பதில்: சென்சார் தலையில் தட்டாதீர்கள் அம்மா, நல்லதாக இருந்தாலும் உடைந்துவிடும். உப்புக் காற்று உள்ள ஊரில் இது சகஜம். துரு தளர்த்தும் எண்ணெய் அடித்து ஒரு இரவு விடுங்கள், காலையில் திருகிப் பாருங்கள். வந்துவிட்டால் நுனியில் ஒட்டிய இரும்புத் தூளையும் சேற்றையும் துடைத்து, குழியில் உள்ள துருவை உப்புத்தாள் வைத்துத் தேய்த்துவிட்டு அதையே மாட்டிப் பாருங்கள், பல தடவை அதிலேயே சரியாகிவிடும். ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும், ஈர ரோட்டில் சட்டென்று மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளலாம் என்பதால் மெதுவாகவே போங்கள். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம்.