கவுன்சிலிங் போவதைக் கணவரிடம் கிளினிக் சொல்லலாமா?

கேள்வி: எட்டு மாதமாக ஒரு தனியார் கிளினிக்கில் மனநல சிகிச்சை எடுத்துவருகிறேன். வீட்டில் சொல்லவில்லை. போன வாரம் என் கணவர் அந்த நம்பருக்குப் போன் செய்ய, ரிசப்ஷனில் இருந்தவர் “மேடம் செவ்வாய்க்கிழமைதான் வருவாங்க சார்” என்று சொல்லிவிட்டார். இப்போது கணவர், என் ஃபைலைப் பார்க்கத் தனக்கு உரிமை உண்டு என்கிறார். அப்படியா? அந்த ஃபைல் எனக்காவது கிடைக்குமா? — வாசகி, கோவை

பதில்: நீங்கள் அங்கே போகிறீர்கள் என்பதே ரகசியம்தான். என்ன நோய், என்ன மாத்திரை என்பதெல்லாம் அதற்குப் பிறகு. “இன்னைக்கு வரலையே சார்” என்று சொல்லியிருந்தாலும் அதே தவறுதான். வேறு நாளில் வருவீர்கள் என்று அதிலேயே தெரிந்துவிடுகிறது. ரிசப்ஷனில் சொல்ல வேண்டிய பதில் ஒன்றே ஒன்று: “யார் வர்றாங்க, வரலைன்னு நாங்க போன்ல சொல்றதில்லை.” தெரபிஸ்ட் வாய் திறந்து ரகசியம் கசிவது அபூர்வம். மேஜைமேல் திறந்து கிடக்கும் அப்பாயின்ட்மென்ட் நோட்டும், பயிற்சி இல்லாமல் போன் எடுக்கிறவரும்தான் பெரும்பாலும் காரணம்.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, பிரிவு 23 உங்கள் மனநலம், சிகிச்சை, உடல்நலச் சிகிச்சை எல்லாவற்றையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. விதிவிலக்குகளும் அதிலேயே இருக்கின்றன: உங்களுக்குச் சிகிச்சை தரும் மற்ற மருத்துவர்கள், உயிருக்கு ஆபத்து, இன்னொருவருக்குத் தீங்கு நேரும் நிலை, பொதுப் பாதுகாப்பு, நீதிமன்றம் போன்ற அதிகாரமுள்ள அமைப்பின் உத்தரவு. ஆபத்தைத் தடுக்கச் சொல்லும்போதும் அதற்குத் தேவையான அளவுதான் சொல்லலாம், முழுக் கதையையும் அல்ல. இவை தவிர, 18 வயதுக்கு உட்பட்ட குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும். கணவர் என்ற உறவுக்கு இந்தப் பட்டியலில் தனி இடம் கிடையாது.

ஆனால் ஒரு பின்கதவு உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. ‘நியமனப் பிரதிநிதி’க்கு, அதாவது சிகிச்சை விஷயத்தில் உங்கள் சார்பில் துணைநிற்பவருக்கு, தன் கடமையைச் செய்யத் தேவையான தகவலைத் தரலாம் என்கிறது சட்டம். நீங்கள் யாரையும் நியமிக்கவில்லை என்றால், பிரிவு 14-இன்படி உறவினர் ஒருவர் அந்த இடத்தில் இருப்பதாகக் கருதப்படுவார். நீங்களே முடிவெடுக்கும் நிலையில் இருக்கும்போது அவருக்குப் பெரிய வேலை இல்லைதான். என்றாலும், “நான்தானே உறவினர்” என்று கணவர் வந்து நின்றால் கிளினிக் தடுமாறும். அந்தக் கதவை இந்த வாரமே மூடிவிடுங்கள். முத்திரைத்தாள் வேண்டாம், நோட்டரி வேண்டாம். வெள்ளைத்தாளில் இன்னாரை நியமிக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். அவர் 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். தன் சம்மதத்தை அவர் எழுத்தில் மருத்துவரிடம் தர வேண்டும். உறவினராக இருக்க வேண்டியதில்லை, நம்பிக்கையான தோழியாக இருக்கலாம். எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்து ஃபைல். இணையத்தில் தேடினால் ‘ஹிப்பா’ என்று பக்கம் பக்கமாக வரும். அது அமெரிக்கச் சட்டம், கோவை கிளினிக்கைக் கட்டுப்படுத்தாது. இங்கே மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் பிரிவு 25-இன்படி அடிப்படை மருத்துவப் பதிவைப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. சிகிச்சை தருபவர் சைக்கியாட்ரிஸ்ட் (மனநல மருத்துவர்) என்றால், கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் நெறிமுறை சொல்கிறது. உள்நோயாளியாக இருந்திருந்தால் மனநலச் சட்டத்தின் 2018 விதிகளின் ‘படிவம் ஏ’யில் விண்ணப்பிக்க வேண்டும்; அதற்கு 15 நாள் அவகாசம். உங்களுக்குக் கடுமையான மனபாதிப்போ பிறருக்குத் தீங்கோ வரும் என்று கருதினால் மட்டும் குறிப்பிட்ட பகுதியை நிறுத்திவைக்கலாம். அப்போது, இந்தச் சட்டப்படி புகார்களை விசாரிக்கும் மனநல மறுஆய்வு வாரியத்திடம் முறையிடும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதையும் அவர்களே சொல்லியாக வேண்டும்.

நோய் நிர்ணயம், டெஸ்ட், மருந்து, வந்துபோன தேதிகள் எல்லாம் கேட்டு வாங்குங்கள். தெரபிஸ்ட் தன் நினைவுக்காகக் கிறுக்கிவைக்கும் குறிப்பு ‘அடிப்படைப் பதிவு’க்குள் வருமா என்பது வாதத்துக்குரியது. எங்கள் யோசனை: அந்த நோட்டைக் கேட்டு மல்லுக்கட்டாமல், சிகிச்சைச் சுருக்கம் ஒன்றை லெட்டர்ஹெட்டில் கேளுங்கள். இன்னொரு டாக்டரிடம் போனாலும் அதுதான் உதவும். ஒரு எச்சரிக்கை: கணவரும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்த செஷன் ஏதாவது இருந்தால், அந்தப் பதிவை அவரும் கேட்கக்கூடும். உங்கள் தனி ஃபைல் அதோடு கலக்காமல் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளினிக்குக்கு ஒரு கடிதம் போதும். இப்படி எழுதலாம்:

“நான் உங்களிடம் சிகிச்சை பெறுபவர். (தேதி) அன்று உங்கள் ஊழியர் என் வருகையைப் பற்றி என் அனுமதியின்றி மூன்றாம் நபரிடம் தெரிவித்தார். இனி என் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல், கணவர் உட்பட யாருக்கும், நான் வருகிறேனா இல்லையா என்பதைக்கூடத் தெரிவிக்க வேண்டாம். என் மருத்துவப் பதிவின் நகலும் சிகிச்சைச் சுருக்கமும் வேண்டும். பதிலை இந்த மின்னஞ்சலுக்கு மட்டும் அனுப்பவும்.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பதில் பதிவுத் தபாலில் வீட்டுக்கு வந்து, அதைக் கணவர் பிரித்தால் கதை திரும்ப முதலிலிருந்து. கடிதத்தை நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள்.

பதில் திருப்தி இல்லையென்றால் மனநல மறுஆய்வு வாரியத்திடம் போகலாம், கட்டணம் இல்லை. சட்டத்தை மீறினால் முதல் முறை 6 மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் (பிரிவு 108). சைக்கியாட்ரிஸ்ட்மீது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் தரலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில். சிக்கல், வெறும் ‘கவுன்சிலர்’ என்று போர்டு மாட்டியிருப்பவர்களிடம்தான். அவர்கள் இந்தச் சட்டம் சொல்லும் மனநல நிபுணராகவே இல்லாமல் போகலாம். குடும்பப் பிரச்சினைக்கான ஆலோசனை ‘மனநோய்’ என்ற வரையறைக்குள் வராமலும் போகலாம். அப்போது கைகொடுப்பது நுகர்வோர் ஆணையம்: சேவைக் குறைபாடு என்று இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இப்போதைக்கு நம்பியிருக்க வேண்டாம். அதன் விதிகளே 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியக் கடமைகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாதம்.

விவாகரத்துப் பேச்சு எழுந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வக்கீல் நோட்டீஸைக் கண்டதும் சில கிளினிக்குகள் பயந்து ஃபைலை நகலெடுத்துக் கொடுத்துவிடுகின்றன. வக்கீல் நோட்டீஸ் நீதிமன்ற உத்தரவு அல்ல. அதே சமயம், வக்கீலிடம் பேசியதற்குச் சட்டம் தரும் பாதுகாப்பு இந்தியாவில் தெரபிஸ்டிடம் பேசியதற்கு இல்லை. நீதிபதி உத்தரவிட்டால் தந்தாக வேண்டும். வீட்டில் மிரட்டல் இருந்தால் பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள்.

கடைசியாக, உங்கள் போன். அப்பாயின்ட்மென்ட் எஸ்எம்எஸ்ஸில் கிளினிக் பெயர் வருகிறதா? ஜாயின்ட் அக்கவுண்டிலிருந்து ஜிபே செய்தால் ஸ்டேட்மென்ட்டில் பெயர் விழும், ரொக்கமாகக் கட்டுங்கள். கணவருடைய கம்பெனி இன்சூரன்ஸில் க்ளெய்ம் போட்டால் அந்தப் பேப்பர்கள் அவர் கைவழியாகத்தான் போகும். கிளினிக் உங்களை அழைக்க வேண்டிய நம்பர், நேரம் இரண்டையும் அடுத்த செவ்வாய்க்கிழமையே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.