கெர்னல் அமைப்பை மாற்றியபின் லினக்ஸ் எழவில்லை: கேள்வி பதில்

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் அமைப்பைத் தொட்டபின் கணினி பாதியில் நின்றுவிட்டது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். பாதிப் பேர் "எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவட்டுமா?" என்று முடித்திருக்கிறீர்கள். வேண்டாம். கீழே இருக்கும் எந்தக் கோளாறிலும் உங்கள் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அக்கா, என் உபுண்டு மடிக்கணினியில் 16 ஜிபி ராம். 4 ஜிபியில் என் மென்பொருள் ஓடுமா என்று பார்க்க, கிரப் (கணினி எழும்போது லினக்ஸை ஏற்றும் நிரல்) கோப்பில் மெம்=4 என்று சேர்த்தேன். இப்போது வெறும் கறுப்புத் திரை.

4-க்குப் பின்னால் ஜி விட்டுப்போயிருக்கிறது தம்பி. எழுத்து இல்லையென்றால் கெர்னல் அதை 4 பைட் என்றுதான் எடுத்துக்கொள்ளும். அதை வைத்துக்கொண்டு அது எப்படி எழும்?

கணினியைப் போட்டு, தயாரிப்பாளர் சின்னம் மறையும் நேரத்தில் எஸ்கேப் விசையை ஒரே தடவை அழுத்துங்கள். படபடவென்று தட்டினால் மெனுவைத் தாண்டி கிரப் கட்டளை வரிக்குப் போய்விடும். பழைய பயாஸ் கணினி என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடிக்க வேண்டும். மெனு வந்ததும் என்டர் தட்டாமல் ஆங்கில இ-யை அழுத்துங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் வரியில் மெம்=4 இருக்கும். அதை அழித்துவிட்டு எஃப்10.

இந்தத் திருத்தம் அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான். உள்ளே வந்ததும் கிரப் கோப்பையும் சரிசெய்து, சூடோ அப்டேட்-கிரப் கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை எந்த அளவுருவாக இருந்தாலும் முதலில் இந்த மெனுவிலேயே அடித்துப் பாருங்கள். தப்பாகப் போனால் அணைத்துப் போட்டால் போதும், பழையபடி ஆகிவிடும். ஓடுகிறது என்று கண்ணால் பார்த்தபிறகு கோப்பில் எழுதலாம்.

டேட்டாபேஸ் வேகத்துக்காக, கெர்னல் அமைப்புகள் இருக்கும் சிஸ்கன்ட்ரோல் (sysctl) கோப்பில் ஹியூஜ்பேஜ் எண்ணிக்கையை 4096 ஆக்கினேன். ராம் 8 ஜிபி. பூட் ஆகும்போதே ஒவ்வொரு சேவையாகச் சாகிறது. பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தாலும் அதேதான், மேடம்.

கணக்கைப் பாருங்கள். ஹியூஜ்பேஜ் என்பது ராமிலிருந்து தனியாக ஒதுக்கிவைக்கும் பெரிய பக்கம். சாதாரண இன்டெல், ஏஎம்டி கணினிகளில் அது ஒவ்வொன்றும் 2 எம்பி. 4096 பக்கம் என்றால் 8 ஜிபி, அதாவது உங்கள் ராம் மொத்தமும். ஒதுக்கிய இடத்தை மற்ற நிரல்கள் சாதாரணமாகத் தொட முடியாது. நினைவகம் தீர்ந்ததும் கெர்னல் நிரல்களைக் கொல்ல ஆரம்பிக்கும். அமைப்பு வட்டில் இருக்கும் கோப்பில் இருப்பதால் எந்தக் கெர்னலில் நுழைந்தாலும் அது வந்து சேரும்.

மீட்பு முறையும் உதவாது, அதிலும் இந்தக் கோப்பு படிக்கப்படுகிறது. அதனால் கிரப் மெனுவில் முன்பு சொன்ன லினக்ஸ் வரியிலிருந்து குவைட், ஸ்பிளாஷ் இரண்டையும் எடுத்துவிட்டு, கடைசியில் இனிட்=/பின்/பேஷ் என்று சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். நேராக ரூட் ஷெல் (முழு அதிகாரமுள்ள கட்டளை வரி) வரும். அப்போது வட்டு படிக்க மட்டுமே திறந்திருக்கும், ஆகவே முதலில் மவுன்ட் -ஓ ரீமவுன்ட்,ஆர்டபிள்யூ / கொடுங்கள். அப்புறம் சிஸ்கன்ட்ரோல் கோப்பில் அந்த ஹியூஜ்பேஜ் வரியை அழித்து, சிங்க், ரீபூட் -எஃப்.

டேட்டாபேஸுக்கு 2 ஜிபி போதுமென்றால் 1024 பக்கம் போடுங்கள். அதையும் முதலில் சிஸ்கன்ட்ரோல் -டபிள்யூ கட்டளையால் ஓடும் கணினியில் வைத்துப் பாருங்கள். மறுதொடக்கத்தில் அது தானே போய்விடும்.

புதிய கெர்னல் போட்டபின் "ரூட் எஃப்எஸ்ஸை மவுன்ட் செய்ய முடியவில்லை, அன்னோன்-பிளாக் 0,0" என்று நிற்கிறது.

அனேகமாக இனிட்ராம்எஃப்எஸ் (பூட் தொடங்கும்போது வட்டைத் திறக்கக் கெர்னலுக்கு உதவும் கோப்பு) உருவாகவில்லை. அதற்கு நான் அடிக்கடி பார்க்கும் காரணம், பூட் பகிர்வு நிரம்பியிருப்பது. அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் பழைய கெர்னல் வழியாக நுழைந்து டிஎஃப் -ஹெச் கொடுத்துப் பாருங்கள். நிரம்பியிருந்தால் ஆப்ட் ஆட்டோரிமூவ், பிறகு புதிய கெர்னலின் எண்ணோடு அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி -கே, கடைசியில் அப்டேட்-கிரப். பூட் கோப்புறையில் கையால் எதையும் அழிக்காதீர்கள்.

லோக்கல்மாட்கான்ஃபிக் வைத்துக் கெர்னலை நானே தொகுத்தேன். பூட் ஆகிறது, ஆனால் பென்டிரைவ் தெரியவில்லை.

அந்தக் கட்டளை, அதை ஓட்டும் நொடியில் ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை (டிரைவர் போன்ற கெர்னல் துண்டுகளை) மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடும். அப்போது பென்டிரைவ் செருகியிருக்கவில்லை, அவ்வளவுதான். டிஸ்ட்ரோவின் (உபுண்டு போன்ற உங்கள் லினக்ஸ் வகையின்) கெர்னலில் பூட் செய்து, பென்டிரைவ், பிரிண்டர், வெப்கேம் என்று இருப்பதையெல்லாம் செருகி ஒரு தடவை பயன்படுத்திவிட்டு, டிஸ்ட்ரோவின் கான்ஃபிக்கிலிருந்து மறுபடி தொடங்குங்கள். நானும் ஒருமுறை பிரிண்டரை மறந்து, முழுத் தொகுப்பையும் இரண்டாம் தடவை ஓட்டினேன்.

என்விடியா கார்டு. கெர்னல் மாற்றியபின் திரை கறுப்பு.

லினக்ஸ் வரியில் நோமோட்செட் சேர்த்து உள்ளே வாருங்கள். டிகேஎம்எஸ் என்பது ஒவ்வொரு கெர்னலுக்கும் டிரைவரைக் கட்டித் தரும் கருவி. டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸில் புதிய கெர்னலின் எண் இல்லையென்றால், அனேகமாக அதற்கான ஹெடர்கள் (டிரைவரைக் கட்டத் தேவையான கோப்புகள்) நிறுவப்படவில்லை. அவற்றை நிறுவினால் டிரைவர் தானாகவே கட்டிக்கொள்ளும்.

நான் தொகுத்த கெர்னலுக்கு "பேட் ஷிம் சிக்னேச்சர்" வருகிறது. செக்யூர் பூட்டை அணைத்துவிடலாமா?

அணைக்கலாம். செக்யூர் பூட் என்பது நம்பகமான கையொப்பம் உள்ளதை மட்டும் பூட் செய்யவிடும் பாதுகாப்பு. கெர்னலுக்கு நீங்களே சாவி உருவாக்கிக் கையொப்பமிட்டு, மோக்யூடில் என்ற கருவி வழியாக அந்தச் சாவியைக் கணினியில் பதிவது இன்னும் நல்லது. அதே கணினியில் பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) போட்ட விண்டோஸ் இருக்கிறதா? அப்படியென்றால் செக்யூர் பூட்டை அணைத்ததும் அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். பயாஸுக்குள் போகும் முன்பே அதைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.