ஆசிரியத் தொழிலை விட்டுப் பிரசவத் துணைக்கு வரலாமா?

கிளிநொச்சியில் பத்து வருடம் படிப்பித்துவிட்டு, கர்ப்பிணிகளுக்குத் துணை நிற்கும் வேலைக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாறலாம். ஆனால் இது மருத்துவிச்சி வேலை இல்லை. அதற்கு இலங்கை மருத்துவ சபையில் பதிவு வேண்டும். நீங்கள் செய்வது, நோவு வரும்போது இடுப்பை அழுத்திவிடுவது, ஒரு மிடறு தண்ணீர் கொடுப்பது. தாய் விரும்பும் ஒருவர் பிரசவத்தின்போது பக்கத்தில் நிற்பதை உலக சுகாதார நிறுவனமே 2018 வழிகாட்டலில் பரிந்துரைக்கிறது. என்றாலும் பிரசவ அறைக்குள் விடுவார்களா என்று ஆஸ்பத்திரியில் முதலே கேளுங்கள்.

என்னைக் கேட்டால், வீட்டுக்கு வந்தபிறகுதான் ஆள் தேவை: பால் கொடுக்கப் பழக்க, பத்தியக் கறிக்குச் சரக்கு அரைக்க, காரணமில்லாமல் அழும் தாயோடு சும்மா இருக்க. அங்கே உங்கள் வகுப்பறைப் பொறுமை கைகொடுக்கும். சம்பளம்? மாதாமாதம் நிலையாக வராது. அதனால் உடனே ராஜினாமா வேண்டாம். பள்ளி விடுமுறையில் தொடங்கிப் பாருங்கள்.