எல்.கே.ஜி., ஒன்றாம் வகுப்புக்குப் பள்ளி தேடுகிறவர்களுக்கு: கேள்வி பதில்

திருச்சியில் ஒரு தனியார் நர்சரி பிரைமரி பள்ளியில் 31 வருடம் இருந்தேன். கடைசி ஒன்பது வருடம் தலைமையாசிரியை. சின்ன வகுப்புகள்தான் எனக்குத் தெரிந்த உலகம். அதைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

டீச்சர், சி.பி.எஸ்.இ. நல்லதா, மெட்ரிக் நல்லதா? (கரூர்)

ஐந்தாம் வகுப்பு வரைக்கும் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். 2011 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு மெட்ரிக் பள்ளியிலும் சமச்சீர்ப் பாடம்தான். சி.பி.எஸ்.இ. புத்தகம் வேறு. ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்கு வேண்டியது படிக்கவும் எண்ணவும் பேசவும் கற்பது. அதைச் செய்வது டீச்சர். “ஒன்றாம் வகுப்பு டீச்சர் இங்கே எத்தனை வருடமாக இருக்கிறார்?” என்று கேளுங்கள். எங்கள் பள்ளியில் ஒரு வருடம் ஒரே வகுப்புக்கு மூன்று பேர் மாறினார்கள், சம்பளம் கட்டுப்படியாகாமல். ஜனவரியில் வந்த டீச்சரிடம் பாதிப் பிள்ளைகள் வாயே திறக்கவில்லை.

பள்ளியைப் பார்க்கப் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்? (தஞ்சாவூர்)

பள்ளி நடக்கிற நாளில் போங்கள். மே மாதம் காட்டுவது பெயின்ட் அடித்த சுவரைத்தான்.

முதலில் கழிப்பறை. பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில் குழாய் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, ஆயா பக்கத்தில் நிற்கிறாரா? நாற்றத்துக்குப் பயந்து அடக்கிக்கொள்கிற பிள்ளை தண்ணீரே குடிக்காது. பாட்டில் நிறைந்தபடியே வீட்டுக்கு வரும். பிறகு சாப்பாட்டு நேரம்: ஊட்டிவிட ஆள் இருக்கிறதா, மிரட்டல் சத்தம் கேட்கிறதா?

அடுத்து மாடிப்படி. மழலையர் வகுப்பு தரைத்தளத்தில்தான் இருக்க வேண்டும். கும்பகோணம் உங்களுக்குப் பக்கத்து ஊர். 2004 ஜூலை 16 அன்று அங்கே ஒரு பள்ளியில் சமையல்கூடத்துத் தீ கீற்றுக் கூரையில் பிடித்து 94 பிள்ளைகள் இறந்துபோனார்கள். அன்று மாலை எங்கள் கீற்றுக்கொட்டகையை நாங்களே பிரித்தோம். கட்டட உரிமம், கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரம் என்று நான்கு சான்றுகள் உண்டு. தேதி முடியாமல் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். முகம் சுளிக்கிற அலுவலகம் இருந்தால் யோசியுங்கள்.

மூன்றரை வயதுப் பையனுக்கு இன்டர்வியூ வைக்கிறார்கள். என்ன சொல்லிக்கொடுத்து அனுப்பலாம்? (சென்னை)

ஒன்றும் வேண்டாம். கல்வி உரிமைச் சட்டம் 13-ஆவது பிரிவு பிள்ளையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது என்கிறது. முதல் தடவை மீறினாலே 25,000 ரூபாய் வரை அபராதம். நன்கொடையும் அதே பிரிவில் தடை. எந்தப் பணம் கட்டினாலும் ரசீது வாங்குங்கள்.

மாண்டிசோரி என்று போர்டு போட்டிருக்கிறார்கள். நம்பலாமா? (கோவை)

அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அந்த முறையில் மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் இருப்பார்கள், நெடுநேரம் தாங்களே பொருளை எடுத்துச் செய்வார்கள். வயதுவாரியாகப் பெஞ்சு போட்டிருந்தால் அது வெறும் பெயர்.

சி.பி.எஸ்.இ., மெட்ரிக், எதில் சேர்க்கலாம்? (நாமக்கல்)

கரூர்க்காரருக்குச் சொன்னதுதான்.

எல்.கே.ஜி.யில் எழுத வைக்காத பள்ளியில் சேர்த்துவிட்டோம். பக்கத்து வீட்டுப் பாப்பா ஏ-யிலிருந்து இசட் வரை எழுதுகிறாள். மாற்றிவிடலாமா? (மதுரை)

மாற்றாதீர்கள். நல்ல பள்ளி கிடைத்திருக்கிறது.

மதுரைக்காரருக்குச் சொன்னதை ஏற்க முடியவில்லை டீச்சர். என் மகள் எல்.கே.ஜி.யிலேயே எழுதினாள், இன்று வகுப்பில் முதல். எழுதாமல் போனால் ஒன்றாம் வகுப்பில் அவமானப்படுவது பிள்ளைதானே? (ஈரோடு)

உங்கள் மகள் நன்றாக இருக்கட்டும் அம்மா. ஆனால் மணிக்கட்டில் இருக்கிற எட்டு எலும்புகளில் பாதிகூட மூன்று வயதில் இறுகியிருக்காது, குருத்தெலும்புதான். அந்தக் கையில் பென்சிலைத் திணித்தால் பிள்ளை கட்டைவிரலை உள்ளே மடக்கி அழுத்திப் பிடிக்கும். அந்தப் பிடி பிறகு லேசில் மாறாது. மூன்றாம் வகுப்பில் கை வலிக்கிறது என்று அழுத எத்தனையோ பிள்ளைகளின் பிடியைத் திருத்தப் பார்த்திருக்கிறேன், பலருக்கு முடியவில்லை. களிமண் உருட்டட்டும், புளியங்கொட்டை பொறுக்கட்டும், மணலில் விரலால் வரையட்டும். அதெல்லாம் எழுத்துக்கான வேலைதான்.

ஈரோட்டு அம்மா சொல்வதும் நடைமுறைதானே? ஒன்றாம் வகுப்பு டீச்சர் எழுதத் தெரியும் என்று எடுத்துக்கொண்டுதான் நடத்துகிறார். (சேலம்)

அது நடக்கிறது, மறுக்கவில்லை. அப்படி நடத்துகிற பள்ளிதான் தவறு, பிள்ளை இல்லை. ஒன்று, இரண்டாம் வகுப்புக்கே வீட்டுப்பாடம் கூடாது என்று 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. எல்.கே.ஜி. பிள்ளையை இரவு ஒன்பது மணிக்கு நான்கு பக்கம் எழுத வைப்பதை நான் ஒருநாளும் சரி என்று சொல்லமாட்டேன்.

ஆனாலும் டீச்சர், போட்டி உலகம்... (ஈரோடு)

மூன்றரை வயதில் போட்டி இல்லை அம்மா. இதற்கு மேல் என்னிடம் வேறு பதில் கிடையாது.

ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் கிடைக்கிற இலவச) இடத்துக்கு எப்போது விண்ணப்பிப்பது? (அரியலூர்)

மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்) அலுவலகத்தில் கேளுங்கள். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்தாது.

சி.பி.எஸ்.இ. பள்ளியா, மெட்ரிக் பள்ளியா? (திண்டுக்கல்)

மேலே இரண்டு தடவை இருக்கிறது. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள். கழிப்பறையைப் பார்த்தீர்களா?

பையனுக்கு மூன்றரை வயது. அம்மா, அத்தை தவிரப் பேச்சு இல்லை. எந்தப் பள்ளியில் போட்டால் பேச்சு வரும்? (புதுக்கோட்டை)

பள்ளிக்கு முன்னால் காது பரிசோதனை தம்பி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள், காசு கிடையாது. இந்த வாரமே போங்கள். அட்மிஷன் அடுத்த வருடம்கூட வாங்கலாம். டாக்டர் என்ன சொன்னார் என்று இங்கே எழுதுங்கள், அதைப் பார்த்துப் பள்ளியைப் பேசுவோம்.