கார்னரில் விழுந்த கோல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அலுவலகக் கால்பந்து அணியில் சென்டர் பேக்காக, அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கும் டிஃபெண்டராக ஆடுகிறேன். போன வாரம் கடைசி நிமிடத்தில் எதிரணிக்கு ஒரு கார்னர், மைதானத்தின் மூலையிலிருந்து உதைப்பது. நான் பார்த்துக்கொள்ள வேண்டிய ஆள் தலையால் முட்டி கோல் போட்டுவிட்டான். பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவன் எப்போது நகர்ந்தான் என்றே தெரியவில்லை. என்னைவிட உயரம் வேறு. லேசாகத் தள்ளினான் என்றும் நினைக்கிறேன், ரெஃப்ரி கண்டுகொள்ளவில்லை. வாட்ஸப் குழுவில் இன்னமும் என்னை ஓட்டுகிறார்கள். ஆளுக்கு ஆள் மார்க் செய்வதை விட்டுவிட்டு, ஆளைப் பார்க்காமல் ஆளுக்கொரு இடத்தைக் காக்கிற ஸோனல் முறைக்கு மாறினால் இதைத் தவிர்க்க முடியுமா?

க.

அன்புள்ள க.,

செட் பீஸில், அதாவது கார்னர் மாதிரி நின்ற பந்தை உதைத்துத் தொடங்கும்போது விழும் கோல்களைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். சரியான நேரத்தில் எழுதியிருக்கிறீர்கள். குழுவில் ஓட்டுகிறவர்களை நினைத்து மனசு கஷ்டப்பட வேண்டாம். டிஃபெண்டராக இருந்தால் இதெல்லாம் உண்டு.

ரெஃப்ரியை விட்டுவிடுங்கள். ஒருவரை ஒருவர் முண்டியடிக்கிற இடத்தில் லேசாகத் தள்ளியதற்கெல்லாம் விசில் ஊதினால் ஆட்டம் விடிய விடிய நடக்கும்.

உயரமும் சாக்கு. 2018 உலகக் கோப்பை அரையிறுதியில் கிரீஸ்மான் அடித்த கார்னரைத் தலையால் முட்டி பெல்ஜியத்தை வெளியேற்றியவர் பிரான்ஸின் உம்டிட்டி. அவரைவிட பெல்ஜியத்தின் ஃபெல்லைனி பத்து சென்டிமீட்டருக்கு மேல் உயரம். என்ன பயன்? அவருக்கு முன்னால் புகுந்து உம்டிட்டி முட்டிவிட்டுப் போய்விட்டார். ஓடி வந்து எம்புகிறவனுக்கும் நின்ற இடத்தில் எம்புகிறவனுக்கும் உள்ள வித்தியாசத்தை உயரத்தால் ஈடுகட்ட முடியாது.

எனக்குக் கோபம் வந்தது வேறொரு வரியில். 'பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்' என்று ஏதோ கடமையைச் செய்ததுபோல எழுதியிருக்கிறீர்கள். கார்னர் கொடியருகே அசையாமல் கிடக்கிற பந்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? அது உங்களை ஒன்றும் செய்யப்போவதில்லை. செய்யப்போகிறவன் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு நீங்கள் எங்கே பார்க்கிறீர்கள் என்று பார்க்கிறான். உங்கள் பார்வை பந்தில் நிலைத்ததும் இரண்டடி பின்னால் போகிறான். அவனுக்கு ஓடிவர அந்த இரண்டடி போதும். கார்னரிலிருந்து நேராக வரும் பந்துக்கு, டிஃபெண்டர்களைத் தாண்டி நிற்பவனுக்கு ஊதுகிற ஆஃப்சைடும் கிடையாது. டிஃபெண்டர்கள் வரிசையாக முன்னால் நகர்ந்து ஆளை மாட்டவைக்கிற வித்தையெல்லாம் அங்கே பலிக்காது.

சிறு வயதில் எங்களுக்கு ஒரு பயிற்சியாளர் இருந்தார். கார்னர் பயிற்சியின்போது உதைப்பவன் ஓடிவரத் தொடங்கியதும் திடீரென்று கத்துவார்: "உன் ஆள் எங்கடா?" தலையைத் திருப்பாமல் கையை நீட்டிக் காட்ட வேண்டும். காட்டிய இடத்தில் ஆள் இல்லையென்றால் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டியதுதான். ஆரம்பத்தில் எல்லோருமே ஓடினோம். அப்புறம் உடம்பே ஒரு வழி கண்டுபிடித்தது. பந்துக்கு நேராகவும் நிற்காமல், ஆளுக்கு நேராகவும் நிற்காமல், பக்கவாட்டில் திரும்பி இரண்டும் கண்ணில் படுகிற மாதிரி நிற்பது. புறங்கை எதிராளியின் விலாவில் பட்டும் படாமலும் இருக்கும். பிடிக்கக் கூடாது, பிடித்தால் பெனால்ட்டி. சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும், அவன் நகர்ந்தால் கண்ணுக்குத் தெரியும் முன்பே கைக்குத் தெரிந்துவிடும். அவருக்கு அடுத்த எரிச்சல் முதல் பந்தை எட்டித் தள்ளியதும் மூச்சு விடுகிறவர்கள் மீது. "போயிடுச்சா? யார் சொன்னது?" என்பார்.

பந்து நின்றால் ஆட்டமும் நின்றுவிட்டதாக நினைப்பதுதான் கோளாறு. உலகத்தின் பெரிய அணிகளும் இதில் மாட்டியிருக்கின்றன. 2019 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில், முதல் ஆட்டத்தில் 3–0 என்று ஜெயித்த பார்சிலோனா ஆன்ஃபீல்டுக்கு வருகிறது. அங்கே லிவர்பூல் மூன்று கோல்களையும் திருப்பிக் கொடுத்துவிட்டது. 79ஆவது நிமிடம், கார்னர். அலெக்ஸாண்டர்-ஆர்னால்ட் பந்தை விட்டு விலகி நடக்கிறார், ஷகிரி அடிக்க வருகிறார். சரி, இன்னும் நேரமிருக்கிறது என்று பார்சிலோனாக்காரர்கள் அசட்டையாக நிற்கிறார்கள். விலகி நடந்தவர் சட்டென்று திரும்பி வந்து உதைக்கிறார், ஒரிகி கோலுக்குள் தட்டிவிடுகிறார். குதிக்கத் தேவையிருக்கவில்லை, தள்ள ஆளும் இல்லை. பந்தை உதைத்த பிறகுதான் பாதிப் பேர் திரும்பினார்கள்.

2014 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் 93ஆவது நிமிடத்தில் மோட்ரிச் அடித்த கார்னரை ரியால் மாட்ரிடின் ராமோஸ் முட்டியதை எல்லோரும் சொல்வார்கள். அதே ஆட்டத்தில் எதிரணியான அட்லெட்டிகோ போட்ட கோலை யாரும் பேசுவதில்லை. அதுவும் கார்னரில் தொடங்கியதுதான். முதலில் வந்த பந்தை ரியால் வெளியே தள்ளிவிட்டது. ஹுவான்ஃப்ரான் தலையால் அதைத் திரும்ப உள்ளே அனுப்பினார். ரியாலின் கோல்கீப்பர் கசியாஸ் கோல்கோட்டிலிருந்து வெளியே வந்தார், பந்தையும் எட்டவில்லை, திரும்பவும் நேரமில்லை, அட்லெட்டிகோவின் கோடின் முட்டியது அவர் தலைக்கு மேலாகப் போயிற்று. எங்கள் பயிற்சியாளர் பார்த்திருந்தால் அன்றைக்கு கசியாஸும் மைதானத்தைச் சுற்றியிருப்பார்.

நீங்கள் கேட்டது ஸோனலைப் பற்றி, இல்லையா? மாறுங்கள், மாறாமலும் இருங்கள். ஸோனலில் உங்கள் இடத்துக்கு வரும் பந்தை நீங்கள் பார்க்கலாம்தான், ஆனால் நின்ற இடத்திலிருந்து எம்ப வேண்டும். ஃபெல்லைனி கதைதான். ஆளுக்கு ஆள் என்றால் குறுக்கே ஒருவன் வந்து மறித்துவிடுவான். 2018 உலகக் கோப்பையில் இங்கிலாந்து அணி கோலுக்கு முன்னாலுள்ள பாக்ஸுக்குள் ரயில்பெட்டி மாதிரி ஒருவர் பின் ஒருவராக நின்று, உதைக்கும் நேரத்தில் நாலாபுறமும் சிதறியதைப் பாருங்கள். யாரை யார் பிடிப்பது? பெனால்ட்டியையும் சேர்த்தால் அவர்கள் போட்ட 12 கோல்களில் 9 செட் பீஸில் வந்தவை. பெரிய அணிகள் பெரும்பாலும் இரண்டையும் கலந்துதான் ஆடுகின்றன. உங்கள் அணிக்கு எது சரிப்படும் என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது.

இன்னொன்று. இவ்வளவு எழுதியவர் அந்தக் கார்னர் எப்படி வந்தது என்று சொல்லவேயில்லை. கடைசி நிமிடத்தில் பந்தை வெளியே தள்ளி அவர்களுக்குக் கார்னர் கொடுத்த புண்ணியவான் யார்? குழுவில் உங்களை அதிகம் ஓட்டுகிறவர் அவர்தானா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.