கொல்லையில் வைத்த கம்போஸ்ட் தொட்டி நாறுகிறது, புழு வைத்திருக்கிறது, பக்கத்து வீட்டில் சண்டை. எடுத்துவிடலாமா?

எடுக்காதீர்கள். முதலில் அது எந்தப் புழு என்று பாருங்கள். பார்க்காமல் தொட்டியை எடுப்பதும் தப்பு, எடுக்க மாட்டேன் என்று பக்கத்து வீட்டாரோடு மல்லுக்கு நிற்பதும் தப்பு. அந்த இரண்டாவது தப்பை நான் செய்திருக்கிறேன். அதனால்தான் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் தையலை நிறுத்திவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

மூன்று மாதமாகச் சமையல் கழிவும் தோட்டத்துக் குப்பையும் போட்டுவருகிறீர்கள், இப்போது வாடை தாங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டிலும் யாரும் உங்கள் பக்கம் இல்லை என்று நினைக்கிறேன். இருந்திருந்தால் முன்பின் தெரியாதவர்களிடம் வந்து கேட்டிருக்க மாட்டீர்கள். தொட்டி வைக்கும்போது எல்லோரும் சரி சரி என்பார்கள். கிளறுகிற வேலை ஒருத்தர் தலையில்தான் விழும். நாற்றம் வந்தால் அந்த ஒருத்தரைத்தான் கேட்பார்கள்.

நான் வேளாண்மை படித்தவள் இல்லை, வீட்டிலேயே துணி தைக்கிறேன். திருவானைக்கோவில் பக்கம் பழைய வீடு. பின்னால் நீளமான கொல்லை. ஒரு வேம்பு, ஒரு மா, இரண்டு தென்னை, நாலைந்து வாழை. 2015 ஆடியில் தொட்டி வைத்தேன். கிணற்றுக்கு இறக்குகிற சிமெண்ட் உறை இருக்கிறதல்லவா, மூன்றடி அகலம், ஓரடி உயரம், அதில் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுதான் தொட்டி. உறைக்கும் உறைக்கும் நடுவே செங்கல் சில்லு வைத்துக் காற்றுப் போக இடம் விட்டேன். அடியில் எதுவும் போடாமல் மண்மேல் அப்படியே வைத்தது பிசகு. இரண்டே வாரத்தில் பெருச்சாளி கீழே வளை தோண்டி உள்ளே வந்துவிட்டது. எல்லாவற்றையும் பிரித்து, அடியில் இரும்பு வலை விரித்து, மறுபடி அடுக்கினேன். நீங்கள் வலை போடவில்லையென்றால் இப்போதே போட்டுவிடுங்கள்.

நாற்றத்துக்கு வருகிறேன். தொட்டிக்குள் ஈரம் மிஞ்சி, காற்று போகாமல் இருந்தால்தான் அழுகல் வாடை அடிக்கும். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஈரம் கசிந்தால் சரியான பதம். தண்ணீர் சொட்டினால் ஈரம் அதிகம். உதிர்ந்து கொட்டினால் தண்ணீர் தெளிக்க வேண்டும். சொட்டுகிறது என்றால் மருந்து ஒன்றுதான், சருகு. ஒரு வாளி காய்கறித் தோலுக்கு இரண்டு மூன்று வாளி காய்ந்த சருகு போட வேண்டும். காய்கறிக் கழிவில் தழைச்சத்து அதிகம், சருகில் கரிச்சத்து, அதாவது கார்பன், அதிகம். கரிச்சத்து 25லிருந்து 30 பங்கும் தழைச்சத்து 1 பங்கும் இருந்தால் நுண்ணுயிர்கள் ஒழுங்காக வேலை செய்யும் என்று கணக்கு. நான் கணக்குப் பார்த்துப் போடுவதில்லை. போட்ட கழிவு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மேலே சருகு மூட வேண்டும், அவ்வளவுதான்.

நீங்களும் சருகை எரிப்பவராகத்தான் இருப்பீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் எரித்தவள்தான். எங்கள் தெருவில் விடிந்தால் வாசல் பெருக்கி, வேப்பஞ்சருகைக் குவித்து நெருப்பு வைப்பார்கள். தெரு முழுக்கப் புகை. பின்னால் தொட்டியில் சருகு இல்லாமல் காய்கறி அழுகும், முன்னால் சருகு எரியும். ஆரம்பத்தில் சில மாதம் இப்படியே நடத்தியிருக்கிறேன். அந்த ஐப்பசி மழையில் தொட்டிக்குள் தண்ணீர் இறங்கி, அடி உறையிலிருந்து கறுப்பாக நீர் கசிந்து, துணி தைக்கக் கொடுக்க வருபவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். மாமியார் அப்போது இருந்தார். "எங்க ஊர்ல குப்பைக்குழி நாறி நான் பார்த்ததே இல்லையே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது உண்மை. கிராமத்துக் குப்பைக்குழியில் மாட்டுச் சாணம், வைக்கோல், அடுப்புச் சாம்பல், கூட்டிய சருகு எல்லாம் விழும். காய்கறித் தோல் அதில் ஒரு ஓரமாகத்தான் இருக்கும். கோடையில் வண்டி கட்டி வயலுக்கு அடிக்கும்போது வெறும் மண்வாசனைதான் வரும். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சருகுக்கு நெருப்பு வைப்பதில்லை. பங்குனி, சித்திரையில் உதிர்கிறதை உரச்சாக்கில் கட்டி, மழைக்காலத்துக்கென்று தாழ்வாரத்தில் அடுக்கி வைத்துவிடுவேன்.

இனி புழு. இதுதான் முக்கியம்.

உங்கள் தொட்டியில் நெளிவது அரிசி அளவிலிருந்து முக்கால் அங்குலம் வரை, தட்டையாக, வெளுப்பாகவோ பழுப்பாகவோ மேலடுக்கில் கும்பலாக இருக்கிறதா? அப்படியானால் அது பெரும்பாலும் படைவீரன் ஈ என்கிற கறுப்பு ஈயின் புழு. பார்க்க அருவருப்பாக இருக்கும், ஆனால் கழிவைத் தின்று வேலையைச் சீக்கிரம் முடித்துக் கொடுக்கும். அந்த ஈ வீட்டுக்குள் வந்து சோற்றில் உட்காராது. சருகு போட்டு ஈரத்தைக் குறைத்தால் தானாகக் குறையும்.

கட்டைவிரல் பருமனில், வெள்ளை உடம்பும் செம்பழுப்புத் தலையுமாக, கொக்கி மாதிரி சுருண்டு அடியில் கிடக்கிறதா? அப்படியானால் உங்கள் பக்கத்து வீட்டாரை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள், அவர் வீட்டில் தென்னை இருக்கிறதா என்று.

2018 ஆவணி. கொள்ளிடம் பழைய இரும்புப் பாலம் வெள்ளத்தில் சரிந்ததே, அந்தச் சமயம். ஊரே பாலத்தைப் பார்க்கப் போயிருந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் மட்டும் போகாமல் மதில் ஓரம் வந்து கூப்பிட்டார். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதிர்ந்து பேச மாட்டார். "ஒங்க தொட்டியிலேர்ந்துதாம்மா வண்டு வருது. பெரிய மரத்துல மட்டையெல்லாம் வெட்டு. நாலு வருஷக் கன்னு, குருத்தே வாடிப் போச்சு" என்றார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? வந்து பார்க்கிறேன் அண்ணா என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூன்று வருஷமாக அந்தத் தொட்டிக்காகக் கேட்ட பேச்செல்லாம் அப்போது நெஞ்சில் நின்றது. நாத்தனார் ஒரு தடவை, "குப்பையை வீட்டுல சேர்த்து வைக்கிறவ" என்று நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். அந்தக் கோபத்தை இவர்மேல் காட்டினேன். தென்னை என்றால் வண்டு வரத்தான் செய்யும், உங்கள் கொல்லையில் விழுந்து கிடக்கிற தென்னந்துண்டிலிருந்து வந்திருக்கும் என்று சத்தமாகச் சொன்னேன். அவர் பதில் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

இரவு தூக்கம் வரவில்லை. காலையில் தார்ப்பாய் விரித்து மேல் இரண்டு உறையையும் இறக்கினேன். அடி உறையில், உரம் பொலபொலவென்று பழுத்துக் கிடந்த இடத்தில், அந்தப் புழுக்கள் இருந்தன. எண்ணினேன், 41. பெருவிரல் தடிமன் ஒவ்வொன்றும். காண்டாமிருக வண்டின் புழு. மக்கிய எருவிலும் செத்த தென்னந்தடியிலும்தான் முட்டையிடும். நாலைந்து மாதம் புழுவாகவே எருவைத் தின்று வளர்ந்து, கூடு கட்டி, வண்டாகி இரவில் பறந்துபோய்த் தென்னங்குருத்தைக் குடையும். குடைந்த குருத்து விரிந்து மட்டையாகும்போது கத்தரித்த விசிறி மாதிரி இருக்கும். குடைந்த புண்ணைத் தேடிச் சிவப்புக் கூன்வண்டு வந்துவிட்டால் மரமே போய்விடும். அவர் சொன்னது நியாயம்தான். அவருடைய தென்னந்துண்டிலும் புழு இருந்திருக்கலாம். அதற்காக என் தொட்டியில் இருந்த 41 இல்லை என்றாகிவிடாது. என் தென்னையிலும் வெட்டு இருந்தது. அதுவரை நான் அண்ணாந்து பார்க்கவே இல்லை.

கரூர் சாலையில் சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அங்கே போய்க் கேட்டேன், பொறுமையாகச் சொன்னார்கள். மெட்டாரைசியம் என்று ஒரு பச்சைப் பூஞ்சாணம், அதைத் தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் ஊற்றினேன். இரண்டு மூன்று வாரத்தில் தப்பிக் கிடந்த புழுக்கள் பச்சை பூத்துச் செத்திருந்தன. மரத்துக்கு, வேப்பங்கொட்டைத் தூள் 1 பங்கு, மணல் 2 பங்கு கலந்து, உள் மட்டை மூன்றின் கக்கத்தில் மரத்துக்கு 150 கிராம் வைக்க வேண்டும். ஆமணக்குப் புண்ணாக்கு 1 கிலோவை 5 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்துப் பானையில் வைத்தால் வண்டு அந்த வாடைக்கு வந்து விழும். மரம் ஏற ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு, அது தனிக்கதை. எல்லாவற்றையும்விட உதவியது இரண்டு விஷயம். தொட்டியின் வாயில் நெருக்கமான நைலான் வலையை இழுத்துக் கட்டினேன். மழைக்காலத்தில் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை அடிவரை கிளறுகிறேன். கிளறும்போது மைனாவும் காக்காயும் வந்து உட்கார்ந்திருக்கும், எறிந்தால் பொறுக்கிக்கொள்ளும்.

புழுக்களை ஒரு டின்னில் போட்டு அவர் வீட்டுக்கு எடுத்துப்போய்க் காட்டினேன், தப்பு என்மேல்தான் என்று சொன்னேன். பார்த்தார். "மூடி வைங்க" என்று மட்டும் சொன்னார். பட்டுப்போன கன்றுக்குப் பதிலாக ஒரு நெட்டைத் தென்னங்கன்று வாங்கிக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார், ஆனால் நடவில்லை. மதில் ஓரத்திலேயே கிடந்து காய்ந்தது. ஒவ்வொரு நாளும் துணி உலர்த்தும்போது அது கண்ணில் படும். பேச்சுவார்த்தை இப்போதும் அளவோடுதான். அன்று மதில் ஓரத்தில் ஐந்து நிமிஷம் வாயை அடக்கியிருந்தால் போதும்.

இதைப் படித்துவிட்டு, மண்புழு உரம்தான் சரி, தொட்டி முறையே தப்பு என்று சிலர் வருவார்கள். மண்புழு உரம் நல்லதுதான். அதற்கும் நிழல், ஈரம், பாதுகாப்பு எல்லாம் வேண்டும், கவனிக்காவிட்டால் எறும்பு வந்து தீர்த்துவிடும். இது வெளிநாட்டுக்காரன் பழக்கம் என்றும் ஒருத்தர் எழுதுவார். ஆல்பர்ட் ஹோவர்டு என்கிற ஆங்கிலேய வேளாண் விஞ்ஞானி 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்துதான் இந்த மக்கு உரத்தை முறைப்படுத்தினார், அதன் பெயரே இந்தூர் முறை. நம் ஊர் எருக்குழி அதற்கும் எவ்வளவோ முந்தியது. அடுக்குமாடியில் இருப்பவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, எனக்கு அந்த அனுபவம் இல்லை.

எதைப் போடலாம் என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். காய்கறித் தோல், காப்பிச் சக்கை, முட்டை ஓடு, பூஜைப் பூ எல்லாம் போடலாம். பூச்சரத்தில் நைலான் நூல் இருந்தால் உருவிவிடுங்கள். மீன் கழிவு, எண்ணெய்ப் பண்டம், மீந்த குழம்பு வேண்டாம், பெருச்சாளியைக் கூப்பிடுகிற மாதிரி. தோட்டத்திலிருந்து கோரைக்கிழங்கும் அருகம்புல் வேரும் பூத்த பார்த்தீனியமும் போடாதீர்கள். பெரிய குவியலாக இருந்தால் 55, 60 டிகிரி சூடேறி விதை வெந்துவிடும். நம் சின்னத் தொட்டியில் அந்தச் சூடு நம்பகமாக வராது. உரம் போட்ட பாத்தியெல்லாம் கோரை முளைத்து, ஒரு வருஷம் பிடுங்கியே என் இடுப்பு போனது. தேங்காய் மட்டை ஒரு வருஷம் ஆனாலும் மக்காது, தனியாகப் போடுங்கள்.

கல்யாண வீட்டு இலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மனசு கேட்கவில்லை. நெருங்கிய சொந்தத்தில் ஒரு கல்யாணம். மீந்த இலைகளை நான் எடுத்துப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். பந்தியில் போய்ப் பார்த்தால் வாழையிலை மாதிரி பச்சை அச்சடித்த காகிதம், மேலே பிளாஸ்டிக் பூச்சு. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் இந்தப் பூச்சுத் தட்டும் விரிப்பும் தடை. திருச்சியைச் சுற்றி வாழைக்குப் பஞ்சமா? லாலாபேட்டை வரைக்கும் காவிரிக்கரை முழுக்க வாழைதானே? கேட்டதற்கு, "நல்ல காரியத்துல குறை சொல்லாதே" என்று பெரியவர் ஒருத்தர் வாயை அடைத்தார். அதில் ஒன்றே ஒன்றை எடுத்துவந்து தொட்டியில் போட்டுப் பார்த்தேன். ஆறு மாதம் கழித்துக் காகிதம் கரைந்திருந்தது, இலை வடிவத்தில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தோல் அப்படியே கைக்கு வந்தது. அதை மடித்து வைத்திருக்கிறேன். திருச்சி அரியமங்கலம் குப்பைக் கிடங்கில் 47 ஏக்கருக்கு மலையாகக் குவிந்து கிடந்ததே, அதற்குள் இப்படி எத்தனை பந்தித் தோல் இருந்திருக்கும்? வாழையிலையில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் செய்கிற வேலையா இது?

சரி, உங்கள் தொட்டிக்கு வருவோம். இன்றைக்குப் புதிதாக எதுவும் போடாதீர்கள். தார்ப்பாயில் எல்லாவற்றையும் கொட்டி, ஒரு நாள் நிழலில் ஆறவிட்டு, சருகு கலந்து திரும்பப் போடுங்கள். புளித்த மோர் ஒரு டம்ளர், கிடைத்தால் ஒரு கை சாணி, ஒரு வாளி தண்ணீரில் கரைத்து, காய்ந்த இடத்தில் மட்டும் தெளியுங்கள். நாலைந்து நாளில் நாற்றம் அடங்கும். முடிந்தால் இன்னொரு தொட்டியும் வையுங்கள், ஒன்று நிரம்பி மக்கும்போது அடுத்ததில் போடலாம். எனக்கு இப்படித்தான் இரண்டு தொட்டியிலிருந்து வருஷத்துக்கு ஆறேழு சாக்கு உரம் கிடைக்கிறது.

கொட்டும்போது அடியில் என்ன புழு என்று பார்த்துவிடுங்கள். பக்கத்து வீட்டாரிடம் அதற்கு முன்னால் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். பக்கத்தில் ஒரு தீக்குச்சியை வைத்துப் படம் எடுத்து இங்கே போட்டால் எந்தப் புழு என்று பார்த்துச் சொல்கிறேன்.