பெட்டிச் சாவியும் மூன்று வருடக் கணக்கும்: கேள்வி பதில்

உலகெங்கும் மக்களாட்சி ஏன் தள்ளாடுகிறது என்று கேள்வி அனுப்பச் சொன்னேன், நாற்பதுக்கு மேல் வந்துவிட்டது. கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்தியவன், பல தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக உட்கார்ந்தவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். யாருக்கு ஓட்டுப் போடலாம் என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் கிடையாது.

பள்ளத்தூர், கல்லூரி மாணவர்: முன்பெல்லாம் ராணுவம் வந்துதான் ஆட்சியைப் பிடிக்கும். இப்போது எப்படி ஐயா?

ராணுவம் இன்னும் வருகிறது தம்பி. பர்மாவில் (இப்போதைய மியான்மர்) 2020 நவம்பரில் தேர்தல் நடந்தது. 2021 பிப்ரவரி 1, புது நாடாளுமன்றம் கூட வேண்டிய அன்று காலையில் ஜெயித்தவர்களைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். ஆனால் ஓட்டு வாங்கி வந்தவரே உள்ளிருந்து பூட்டை மாற்றுவதுதான் இந்தக் காலத்தில் அதிகம். ஹங்கேரியில் ஓர்பான் 2010ல் மூன்றில் இரண்டு பங்கு இடங்களோடு பிரதமராக வந்தார். மறு வருடமே புது அரசியல் சட்டம். நீதிபதிகளின் ஓய்வு வயதை 70லிருந்து 62க்கு இறக்கினார்கள், மூத்தவர்கள் கூட்டமாக வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. தேர்தல் விதியையும் தொகுதி எல்லையையும் மாற்றியபின், 2014ல் சுமார் 45 சதவீத ஓட்டுக்கே மறுபடி மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தது. எல்லாமே சட்டம் போட்டுச் செய்தவை, அதுதான் எனக்குப் பயம்.

எங்கள் ஐயா பர்மாவில் கடையை நடத்தும் மேலாளாக இருந்தவர். மேலாளாகப் போனால் மூன்று வருடம். பேரேட்டை முடித்து, ஐந்தொகை (இருப்பு, கடன் கணக்கு) எடுத்து, அடுத்து வருகிறவர் கையில் பெட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் கப்பல் ஏற வேண்டும். எவ்வளவு சம்பாதித்துக் கொடுத்தவரானாலும் "நான் இல்லாமல் கடை நடக்காது" என்று சொல்ல முடியாது. கணக்கை வாங்கிப் பார்க்கிறவர் வேறு ஆள். எந்த நாட்டைப் பற்றிப் படித்தாலும் நான் தேடுவது இந்த இரண்டைத்தான்: சாவி கை மாறுகிறதா, கணக்கை வேறு ஆள் பார்க்கிறாரா.

தேவகோட்டை: சிங்கப்பூர் மாதிரி, கண்டிப்பான ஒரே ஆள் கையில் பத்து வருடம் கொடுத்தால் நாடு உருப்படாதா?

சிங்கப்பூரைச் சொல்கிறீர்கள், பர்மாவை மறந்துவிட்டீர்களே, அதுவும் நம் ஊரில் இருந்துகொண்டு! 1962ல் அங்கே ராணுவத் தளபதி நெ வின் கண்டிப்பான ஆளாகத்தான் வந்தார். கடைகளை அரசுடைமை ஆக்கினார். 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்றார். பர்மாவை விட்டு வந்தவர்களுக்கென்று காரைக்குடியில் பர்மா காலனி ஏன் வந்தது என்று அங்கே உள்ள ஒரு பெரியவரைக் கேளுங்கள். 1987ல் 25, 35, 75 நோட்டுகளையும் செல்லாமல் ஆக்கி, ஒன்பதால் வகுபடுகிற 45, 90 என்று நோட்டு அடித்தார். ஜனங்கள் சேர்த்துவைத்த காசு ஒரே நாளில் காகிதமாயிற்று. வேண்டாம் என்று சொல்ல ஒருவர் இல்லை. வந்தவர் தப்புச் செய்தால் இறக்குவதற்கு வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அவர் நல்லவரா என்பதை அப்புறம் பார்க்கலாம்.

சிங்கம்புணரிப் பக்கம்: எங்கள் ஊரில் பஞ்சாயத்துத் தலைவர் பதவியை ஏலம் விட்டோம். பணம் கோயில் திருப்பணிக்குப் போனது, சண்டை சச்சரவு இல்லை. இதில் என்ன தப்பு?

அண்ணே, வந்த கேள்விகளிலேயே முக்கியமானது இதுதான். இப்படி ஓர் ஏலத்தை நேரில் பார்த்திருக்கிறேன். கோயில் பொட்டலில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். ஒருவர் கோடு போட்ட நோட்டில் தொகையை எழுதிக்கொண்டே வர, இன்னொருவர் ஒருதரம் ரெண்டுதரம் என்று கூவினார். ஆறு லட்சத்தில் முடிந்தது. ஜமுக்காளத்தில் ஒரு பெண்கூட இல்லை. பட்டியல் சாதிக் காலனியிலிருந்து வந்த நாலு பேர் தள்ளி, புளியமரத்தடியில் நின்றார்கள். அவர்களை யாரும் உட்காரச் சொல்லவில்லை, எதுவும் கேட்கவும் இல்லை. அப்புறம் ஒரே ஒரு மனு, போட்டியின்றித் தேர்வு. ஊரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வாயே திறக்காததைத்தான் சண்டை இல்லை என்கிறோம்.

ஆறு லட்சம் போட்டவர் அதை எங்கே எடுப்பார்? குழாய் பதிக்கிற வேலையில், நூறு நாள் வேலை வருகைப் பதிவில். கணக்குக் கேட்டால் "காசு கொடுத்து வாங்கியது" என்பார். சட்டப்படியும் குற்றம், 2019 உள்ளாட்சித் தேர்தலின்போது மாநிலத் தேர்தல் ஆணையமே எச்சரித்தது.

திருப்பத்தூர்: வீட்டுக்கு வீடு பணம் கொடுப்பதைவிட இது மேல். காசு பொதுக்காரியத்துக்காவது போகிறது.

வீட்டுக்கு வீடு கொடுப்பதும் கேடுதான். அதற்காகவே 2016ல் தஞ்சாவூர், அரவக்குறிச்சி, 2017ல் ஆர்.கே.நகர், 2019ல் வேலூர் என்று தேர்தலையே நிறுத்தினார்கள். ஆனால் பணம் வாங்கினவர்கூட மறைப்புக்குள் போய்த் தன் மனசுப்படி பொத்தானை அழுத்தலாம். ஏலத்தில் அந்த மறைப்பே இல்லையே.

சிங்கம்புணரிப் பக்கம், மறுபடியும்: ஊர் ஒற்றுமை கெட்டால் நீங்கள் வந்து சேர்த்துவைப்பீர்களா?

ஊர் ஒற்றுமை என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் என்ற நான்கு பஞ்சாயத்துகளிலும் தலைவர் பதவி பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காக, 1996லிருந்து பத்து வருடம் தலைவரை உட்காரவிடாமல் தடுத்ததும் ஊர் ஒற்றுமைதான். 2006ல்தான் அது விலகியது. நமக்குப் பக்கத்தில் மேலவளவில், 1997 ஜூன் 30 அன்று பட்டியல் சாதியைச் சேர்ந்த பஞ்சாயத்துத் தலைவர் முருகேசன் உட்பட ஆறு பேரைப் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். உங்கள் ஊர் அப்படி என்று நான் சொல்லவில்லை. ஏலம் நடந்த அன்றைக்கு, புளியமரத்தடியில் நின்றவரில் ஒருவர் "நானும் மனு போடுவேன்" என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அதை மட்டும் யோசித்து எழுதுங்கள்.

(ஏலத்தைப் பற்றியே இன்னும் பதினோரு பேர் எழுதியிருக்கிறீர்கள். எல்லாருக்கும் பதில் இதுதான்.)

புதுவயல்: மின்னணு இயந்திரத்தை நம்பலாமா?

நம்பிக்கை என்பது பார்த்துச் சரிசெய்துகொள்ள முடிவதில் இருக்கிறது. ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம் 2009ல் சொன்னதும் இதைத்தான்: தனித் தொழில்நுட்ப அறிவில்லாத சாதாரணக் குடிமகனும் சரிபார்க்கும்படி இருக்க வேண்டும். இங்கே காலையில் வேட்பாளர்களின் முகவர்கள் முன்னால் குறைந்தது 50 மாதிரி ஓட்டுப் போட்டுக் காட்டி அழிப்போம். மாலையில் பதிவான மொத்த ஓட்டை 17சி படிவத்தில் எழுதி முகவருக்கு நகல் தருவோம். அந்த நகலை வாங்காமலே வீட்டுக்குப் போன முகவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வாங்குங்கள், பத்திரமாக வையுங்கள்.

கோட்டையூர்: குடவோலை கண்ட நமக்கு வெளிநாட்டு உதாரணம் எதற்கு?

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பெருமையாகப் படியுங்கள், முழுசாகவும் படியுங்கள். குடவோலை ஓட்டு முறை இல்லை, குடத்தில் ஓலை போட்டுக் குலுக்கி எடுப்பது. சொந்த நிலம், சொந்த மனை, வேதப் படிப்பு வேண்டும், பெண்களுக்கு இடமில்லை. நான் தலைவணங்குவது அதில் உள்ள ஒரு விதிக்கு: பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரும், அவர் உறவினர் பெயரும் குடத்தில் போடக் கூடாது.

தேவகோட்டை, இன்னொருவர்: ஒரு நல்ல சர்வாதிகாரி வந்தால்...

மேலே எழுதியிருக்கிறேன். இது நான்காவது தடவை.

காரைக்குடி: வாக்காளர் அட்டையில் முகவரி மாற்ற?

படிவம் 8. தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள்.

கோலாலம்பூர்: எங்கேயாவது நல்ல சேதி உண்டா?

தென்கொரியா. 2024 டிசம்பர் 3 ராத்திரி அதிபர் ராணுவச் சட்டம் போட்டார். நாடாளுமன்ற வாசலை அடைத்தார்கள், உறுப்பினர்கள் மதில் ஏறிக் குதித்து உள்ளே போனார்கள். 190 பேர் கூடி, ஒரு ஓட்டுக்கூட மாறாமல், சில மணி நேரத்தில் அதை ரத்துசெய்யத் தீர்மானம் போட்டார்கள். வெளியே ஜனங்கள் குளிரில் நின்றார்கள். 2025 ஏப்ரல் 4ல் நீதிமன்றம் அதிபரைப் பதவியிலிருந்து நீக்கியது.

ஆத்தங்குடி ஆச்சி: இந்த வயதில் நான் என்னப்பா செய்ய முடியும்?

ஆச்சி, அக்டோபர் 2 கிராம சபைக்கு வாருங்கள். முன்வரிசையில் உட்கார்ந்து வரவு செலவை வாசிக்கச் சொல்லுங்கள், காது கேட்கவில்லை என்றால் திரும்பவும் வாசிக்கச் சொல்லுங்கள். தீர்மான நோட்டில் எழுதாத பக்கத்தில் கையெழுத்துக் கேட்டால் மட்டும் போட்டுவிடாதீர்கள்.